சித்தியின் போர்வைக்கு ஓர் ஊசி

எங்கள் வீட்டில் பென்சில் பிடிக்கத் தெரிந்த முதல் ஆள் நான்தான். இப்போது இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூன்றாம் வகுப்பில் படித்த காலத்தில் இதைவிடப் பெரிய விஷயம் உலகத்தில் இருப்பதாக எனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் கையெழுத்துப் போட வரும். அதற்கு மேல் ஓர் எழுத்து வராது. அம்மாவுக்கு அதுவும் இல்லை, பெருவிரல் ரேகைதான். ஆகவே பென்சிலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நிறுத்தி, நடுவிரலால் தாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு நான் எழுதுவதைப் பார்க்க அந்த வீட்டில் எப்போதும் ஒரு கூட்டம் இருந்தது. கூட்டம் என்றால் அம்மா, அப்பா, வாரக் கடைசியில் வருகிற சித்தி, எப்போது வேண்டுமானாலும் வருகிற மாமா.

குமுளியிலிருந்து ஜீப்பில் ஏறிவர வேண்டிய ஒரு தேயிலை எஸ்டேட்டில் இருந்தோம். ஒரே கூரையின் கீழ் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடுகளை லயம் என்போம். அதில் ஓரத்து வீடு எங்களுடையது. எங்களுடையது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். வீடு கம்பெனியுடையது, குழாயும் அடுப்பெரிக்கும் விறகும் கம்பெனியுடையவை. போர்த்திக்கொள்ளும் கம்பளிகூடக் கம்பெனி கொடுப்பதுதான். பகலில் மழைக்கு அதைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மா கொழுந்தெடுக்கப் போவாள். மாலையில் அதையே அடுப்புக்கு மேலே கொடியில் காயவைத்து இரவில் எனக்குப் போர்த்துவாள். புகையும் தேயிலையும் நனைந்த ஆடும் கலந்த ஒரு வாடை அதில் உண்டு. எனக்கு அது பிடிக்கும்.

அந்த வருடம் சித்திக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். சித்தி குமுளியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்தாள். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளியிலிருந்து தேங்காய் லோடு கொண்டுவருகிற ஒருவர் வரும்போதெல்லாம் அந்தக் கடை வாசலில் வண்டியை நிறுத்தி ஏலக்காய் விலை கேட்டிருக்கிறார். வாங்கியதே இல்லையாம். அவர் வீட்டில் நெல்வயல் இருந்தது, பசுக்கள் இருந்தன, அண்ணன் தம்பிகள் எல்லாரும் ஒன்றாக இருக்கும் பெரிய வீடு. எங்கள் லயத்து வாசலில் செருப்பை விட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்த அவருடைய அம்மா, "நாங்க எதுவும் கேக்கலீங்க. புள்ளைய அனுப்புங்க, அது போதுமுங்க" என்றார். எல்லாருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது, அம்மாவைத் தவிர.

"எதுவும் வேணாம்னா? எதுவுமே குடுக்காம கைய வீசிக்கிட்டு அனுப்புறதா?" என்று அவர்கள் போனபிறகு அப்பாவிடம் கேட்டாள்.

சித்தியை அம்மாதான் வளர்த்தாள். அவர்கள் இருவருக்கும் நடுவில் பிறந்தவர் மாமா. அவர் தன்னைத் தானே வளர்த்துக்கொண்டதாகச் சொல்வார். பாத்திரம், சேலை, ஒரு மெத்தை என்று செய்ய வேண்டியதை அம்மாவும் அப்பாவும் தங்களால் முடிந்தவரை சேர்த்தார்கள். ஆனால் அம்மாவின் மனதில் வேறொன்று விழுந்திருந்தது. அப்போதுதான் அங்கன்வாடியில் பெண்களுக்குக் குரோஷா பின்னல் சொல்லிக்கொடுக்க கட்டப்பனைப் பக்கத்திலிருந்து ஒரு டீச்சர் வந்துகொண்டிருந்தார். ஆளுக்கொரு மெல்லிய இரும்பு ஊசி, முனையில் சின்னக் கொக்கி, ஓர் உருண்டை வெள்ளை நூல். டி.வி. மேல் விரிக்கிற சதுரம்தான் பாடம். அம்மா சதுரத்தைக் கவனிக்கவில்லை. டீச்சரின் போனில், ஒரு கட்டில் முழுவதும் வரிவரியாகப் பல நிறத்தில் விரிந்து கிடந்த உல்லன் போர்வைப் படத்தைப் பார்த்துவிட்டாள்.

"இதுதான் அவளுக்கு" என்றாள்.

மாமா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் குமுளியில் சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மலை சுற்றும் ஜீப் ஓட்டினார். நாலு ஊர்க் காற்று பட்டவர். "எக்கா, நல்லேப்பிள்ளியில அவனவன் ஈரத்துண்டப் போர்த்திக்கிட்டுப் படுக்குறான். அங்க போயி உல்லன் போர்வையா? மாப்ள வீட்டுக்காரக நம்மள லூசுன்னு சொல்லப் போறாக."

"சொல்லிட்டுப் போறாக. அவளுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும்டா. என் கையால செஞ்சதா இருக்கட்டும்."

சித்தி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்கினாள். ரேஷன் அரிசிதான், ஆனால் அன்று அதில் அவ்வளவு கல் இருந்திருக்காது.

தை மாதம் கல்யாணம். மழை விட்டு, காலையில் தேயிலைச் செடியெல்லாம் பனி பூத்து நிற்கத் தொடங்கியபோது அம்மா போர்வையை ஆரம்பித்தாள். ஆரம்பித்த அன்றே எனக்கும் வேலை வந்தது. டீச்சர் அம்மாவிடம், "பென்சில் பிடிக்குற மாதிரி பிடிச்சா போதும் சேச்சி" என்று சொல்லியிருந்தார். அம்மா வீட்டுக்கு வந்து ஊசியை என்னிடம் நீட்டினாள்.

"ஏய்யா, பென்சிலு எப்படிப் புடிப்ப? காமி."

என் வாழ்க்கையில் முதன்முதலாக ஒரு பெரிய ஆள் என்னிடம் பாடம் கேட்டது அப்போதுதான். விடுவேனா? எங்கள் வகுப்பு டீச்சர் எனக்கு எப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்தாரோ அப்படியெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, நிமிர்த்தி, ஊசியை நடுவில் வைத்தேன். அவள் விரல்கள் கொழுந்து வெட்டும் கத்திரியைப் பிடித்துப் பிடித்துக் காய்ப்பேறி, கொஞ்சம் வளைந்தே இருக்கும். நான் நிமிர்த்தியது நிற்காது. மறுபடி நிமிர்த்துவேன். அவளும் பொறுமையாகக் கொடுத்துக்கொண்டிருப்பாள்.

"கட்டைவிரல அமுக்காத எம்மா. மெதுவா. பென்சிலு ஒடஞ்சிரும்."

"இது இரும்புடா."

"இருந்தாலும் அமுக்காத."

இரண்டு வரி போட்டதுமே அம்மா கையை உதறினாள். கட்டைவிரலின் அடியில் சுளீர் என்று ஒரு வலி. பகலெல்லாம் கத்திரி, மாலையில் ஊசி. உப்புப் போட்ட வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். இன்னொன்றும் சரியாக வரவில்லை. அங்கன்வாடியில் கொடுத்தது நூல் பின்னுவதற்கென்று வந்த மெல்லிய ஊசி, உல்லனோ தடிமன். கொக்கி உல்லனைப் பிடிப்பதற்குப் பதிலாக அதன் நடுவில் புகுந்து பிரி பிரியாகப் பிளந்தது.

"ஊசி சரியில்ல" என்றேன். ஆசிரியர் எப்போதும் மாணவரைக் குறை சொல்லக்கூடாது என்பது எனக்கு அப்போதே தெரிந்திருந்தது. ஊசியின் தண்டில் சின்னதாக ஓர் எண் பொறித்திருந்தது. வீட்டில் அதைப் படிக்கக்கூடியவன் நான் மட்டும். "மாமா, இதவிடப் பெரிய நம்பர் வாங்கிட்டு வாங்க. இருக்குறதுலயே பெரிய நம்பர்."

"உத்தரவு மாப்ள" என்று மாமா போனார். மறுநாள் ஒன்றைக் கொண்டுவந்தார். தைக்கிற ஊசியைவிடக் கொஞ்சம் பெரிதாக, மூச்சு விட்டால் பறந்துவிடும் போல ஒன்று. எண் மட்டும் பெரியது. இரும்புக் குரோஷா ஊசிகளில் எண் கூடக் கூட ஊசி மெலியும் என்பதை எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லித்தரவில்லை.

"படிச்ச புள்ள சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்று மாமா அதை எடுத்துப் பல் குத்திக்கொண்டார்.

அடுத்த தடவை எண்ணைக் கேட்காமல் கண்ணால் பார்த்துத் தடிமனாக, நீல நிறத்தில் பளபளவென்று ஓர் அலுமினிய ஊசி வாங்கிவந்தார். கொக்கியின் வாய் அகலமாக இருந்தது. உல்லன் பிளக்காமல் முழுசாக வந்தது. கட்டைவிரல் வைக்கத் தட்டையாக ஓர் இடமும் உண்டு. எல்லாருக்கும் சந்தோஷம், அம்மா அதைப் பிடிக்கும்வரை. அந்தக் குளிரில் அலுமினியம் பனிக்கட்டி போல் இருந்தது. வலிக்கிற விரலில் அந்தச் சில்லிப்பு ஏற, அம்மா அதை அடுப்பருகே காட்டிச் சூடாக்கி ஒரு வரி போடுவாள், மறுபடி காட்டுவாள். ஒருநாள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிட்டாள். விரலை வாயில் வைத்துக்கொண்டு மாமாவைத் திட்டினாள்.

பிறகு மூங்கில் ஊசி வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் போய்வரும் கடையில் வாங்கியதாம். "வெள்ளைக்காரி ஒருத்தி இதையேதான் வாங்குனா" என்று மாமா சத்தியம் செய்தார். கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது, எடையே இல்லை. ஆனால் கொக்கியின் உள்பக்கம் சொரசொரப்பு; ஒவ்வொரு கண்ணியிலும் உல்லன் மாட்டிக்கொண்டது. அப்பா உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தேங்காயெண்ணெய் பூசி, இரண்டு நாள் ஜன்னலில் வைத்தார். அதன்பின் ஊசி வழுக்கியது. வழுக்கினால் இறுக்கிப் பிடிக்க வேண்டும். இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் வலி.

ஒவ்வோர் ஊசி வரும்போதும் நான்தான் பரிசோதகர். முதலில் நான் பிடித்துப் பார்ப்பேன். பென்சில் போல் நிற்கிறதா, முனை எழுதும் பக்கம் சாய்கிறதா, கைக்கு அடக்கமாக இருக்கிறதா. எனக்கு எல்லாமே சரியாக இருந்தது. அம்மாவுக்கு மட்டும் எதுவும் சரியாக இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் முயற்சி செய்ய வேண்டும் என்று நான் உள்ளூர நினைத்தேன்.

மார்கழி வந்தது. போர்வை இன்னும் மடியை மூடுகிற அளவுக்குத்தான் வளர்ந்திருந்தது. ஒருநாள் காலை பெரட்டுக்கு, அதாவது வேலைக்காரர்கள் வரிசையில் நின்று பெயர் கொடுக்கிற இடத்துக்கு, கிளம்பும்போது அம்மாவால் சேலை முடிச்சை இறுக்க முடியவில்லை. விரல் மடங்கவில்லை. அப்பாதான் முடிந்துவிட்டார். முடிந்துவிட்டுச் சொன்னார்:

"போதும் பிள்ள. கடையில ஒரு போர்வை வாங்கிக் குடுப்போம். உனக்குக் கைதேன் சோறு."

அன்று மாலை அம்மா போர்வையைச் சுருட்டி, ஊசிகளை எல்லாம் அதற்குள் சொருகி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். தள்ளியபின் கொஞ்ச நேரம் அங்கேயே குந்தி உட்கார்ந்திருந்தாள். எனக்கு அது பிடிக்கவில்லை. வீட்டுப்பாடத்தைச் சத்தம் போட்டுப் படித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை சித்தி வந்தாள். மாமாவும் வந்தார். அம்மா கப்பக்கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு லயத்து ஆட்களை எல்லாம் நல்லேப்பிள்ளிக்கு எப்படிக் கொண்டுபோவது என்று பேச்சு. மாமா தன் ஜீப்பிலேயே எல்லாரையும் ஏற்றிவிடலாம் என்றார்.

"எல்லாரையும்னா? எங்க, சக்கரத்துலயா?" என்றாள் அம்மா.

"டூரிஸ்டு சீசன்ல எவ்வளவு பேரு ஏத்துறேன் தெரியுமாக்கா?"

"அதனாலதேன் அவுக திரும்ப வர்றதேயில்ல."

இந்தச் சண்டைக்கு நடுவில் சித்தி கட்டிலடியில் துழாவி அந்தச் சுருட்டை இழுத்தெடுத்தாள். "நீ செய்ய வேணாம். எப்படின்னு சொல்லு, நான் செய்றேன்" என்று அலுமினிய ஊசியை எடுத்து ஏதோ பின்னினாள். அவளுக்கு வரவில்லை. கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக விழுந்தன. அம்மா மாமாவோடு வாய்க்கு வாய் பேசிக்கொண்டே ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள், பொறுக்க முடியவில்லை. கிழங்குக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "குடு இங்க, பாழாக்குற" என்று பிடுங்கினாள். பிடுங்கிய கையிலேயே பின்னத் தொடங்கினாள். பின்னிக்கொண்டே மாமாவிடம், "மாப்ள வீட்டுல போயி எறங்கையில நம்ம சனம் வாந்தியெடுத்துக்கிட்டு எறங்கணுமா?" என்றாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஊசி அவள் உள்ளங்கைக்குள் கிடந்தது. மேலே இருந்து நாலு விரலும் அதை மூடிப் பிடித்திருந்தன. கிழங்குக் கத்தியை எப்படிப் பிடித்திருந்தாளோ அப்படியே.

"எம்மா! தப்பு! தப்பாப் புடிச்சிருக்க!"

நான் போட்ட சத்தத்தில் எல்லாரும் நின்றுவிட்டார்கள். அம்மா தன் கையைத் தானே வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு சட்டென்று ஊசியை மாற்றிப் பென்சில் போல் பிடித்தாள். பிடித்ததும் முகம் சுருங்கியது.

சித்தி கேட்டாள். "அக்கா, இப்ப வலிக்குதா?"

"ஆமா."

"முன்னாடி? அவன் கத்துறதுக்கு முன்னாடி?"

அம்மா யோசித்தாள். "இல்லையே" என்றாள், ஏதோ குற்றம் செய்துவிட்ட குரலில்.

சித்தி பின்னலைப் பரப்பிப் பார்த்தாள். சண்டைக்கு நடுவில் போட்ட வரி, நீளமாக, கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. நான் விடவில்லை. அப்படிப் பிடிக்கவே கூடாது, டீச்சர் சொல்லியிருக்கிறார், கத்தி வேறு, ஊசி வேறு என்று விளக்கினேன்.

"டேய் வாத்தியாரே, செத்த நேரம் வாய மூடு" என்றாள் சித்தி.

"டீச்சரு அடிச்சா?"

"அந்த அடிய நான் வாங்கிக்கிறேன் மாப்ள" என்றார் மாமா.

அம்மா மறுபடி கத்திப் பிடியில் பின்னத் தொடங்கினாள். விரல் வலிக்கவில்லை, இந்தப் பிடியில் வேலை முழுவதும் மணிக்கட்டும் முழங்கையும் பார்த்துக்கொண்டன. ஆனால் புதிதாக ஒரு தொந்தரவு. ஊசி குட்டை. அதன் அடிமுனை உள்ளங்கையின் நடுவில் வந்து குத்தியது. பென்சில் பிடிக்கு அந்த நீளம் போதும், அதனால்தான் எனக்குச் சரியாக இருந்திருக்கிறது. கத்திப் பிடிக்குக் கை நிறைய ஏதாவது வேண்டும்.

இப்போது மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "எக்கா, கண்ண மூடு" என்றார்.

"எதுக்கு?"

"மூடு சொல்றேன். கையில ஒண்ணொண்ணா வைக்கிறேன். சொகமா இருக்கா இல்லையான்னு மட்டும் சொல்லு. பார்த்துட்டுச் சொல்லாத."

அம்மா கண்ணை மூடிக் கையை நீட்டினாள். மாமா வீட்டிலிருந்த சாமான்களை எல்லாம் ஒவ்வொன்றாக வைத்தார். அம்மா ஒவ்வொன்றையும் பிடித்து, பின்னுவதுபோல் கையை ஆட்டிப் பார்த்தாள்.

"இது கரண்டி. ஒல்லி." அடுத்தது. "இது வெளக்கமாறு. ஏண்டா, இத ஏண்டா கையில குடுக்குற?" அடுத்தது. "கதவுத் தாப்பாக் கட்டை. பெருசு." அடுத்ததைத் தொட்டதுமே அம்மா சிரித்துவிட்டாள். "இது உன் மருமகனோட பென்சிலு. எடுத்துரு அங்கிட்டு."

எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நான் முறைத்தேன், ஆனால் அம்மா பல நாளைக்குப்பின் சிரித்ததால் ரொம்ப நேரம் முறைக்க முடியவில்லை.

மாமா வெளியே ஓடி ஜீப்பிலிருந்து எதையோ எடுத்துவந்து வைத்தார். அம்மா பிடித்தாள். கையை ஆட்டினாள். மறுபடி ஆட்டினாள். கண்ணைத் திறக்காமலே கேட்டாள்:

"இது இருக்கட்டும். என்னதுடா இது?"

மாமாவின் திருப்புளி, அதாவது ஸ்க்ரூ டிரைவர். கம்பியை உருவித் திருப்பிப் போட்டுக்கொள்கிற வகை. பிடி மஞ்சள் நிறத்தில், தடியாக, நெடுக வரிவரியாக இருக்கும். மாமா கம்பியை உருவிப் பைக்குள் போட்டார். அந்தத் துளைக்குள் அலுமினிய ஊசியின் அடிமுனையைத் துணி சுற்றிச் சொருகித் தட்டி இறக்கினார். அதுவரை பார்த்துக்கொண்டிருந்த அப்பா எழுந்துபோய்ப் பழைய சைக்கிள் டியூபிலிருந்து ஒரு துண்டு வெட்டிவந்தார். லயத்துப் பெண்கள் கொழுந்துக் கத்திரியின் பிடியில் கை வழுக்காமலிருக்க அதைத்தான் மாட்டுவார்கள். பிடியின் மேல் அதை இழுத்து மாட்டி, அம்மாவிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொன்னவர் அவர்தான்.

கொக்கி அலுமினியம், ஆகவே உல்லன் பிளக்கவில்லை, மாட்டவும் இல்லை. கை படுவது ரப்பரில், ஆகவே சில்லிப்பு இல்லை. தடியான பிடி உள்ளங்கையை நிறைத்துவிட்டதால் எங்கேயும் குத்தவில்லை. அம்மா ஒரு வரி போட்டாள், திருப்பி இன்னொரு வரி போட்டாள். கப்பக்கிழங்கு அன்றைக்குச் சித்திதான் வேகவைத்தாள்.

மாமாவுக்குத்தான் அந்த ஊசியால் அவமானம். அந்த வாரமே சுற்றுலா ஆட்களோடு மேட்டில் ஜீப் நின்றுவிட்டிருக்கிறது. இவர் பெருமையாகச் சாமான் பையைத் திறந்தால் பிடியில்லாத கம்பி மட்டும். அதைக் குறட்டால் கவ்வித் திருகிக்கொண்டு வேர்த்துக்கொட்ட நின்றாராம். "பிடி எங்க?" என்று கேட்டவர்களிடம், "எங்கக்கா போர்வை பின்னுது" என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு இன்னும் ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. குரோஷா டீச்சர் ஒருநாள் லயத்துக்கு வந்து ஒவ்வொருவரும் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் தலை தெரிந்ததும் ஓடிப்போய்ச் சொன்னேன்: "டீச்சர், எங்கம்மா தப்பாப் புடிக்கிறாங்க. கத்தி மாதிரி புடிக்கிறாங்க."

டீச்சர் உள்ளே வந்தார். அம்மா ஊசியை மடிக்குள் மறைக்கப் பார்த்தாள். அவர் அதை வாங்கி, மஞ்சள் பிடியையும் டியூபையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தானே ஒரு வரி போட்டுப் பார்த்தார். பிறகு என் கன்னத்தைத் தட்டி, "மோனே, கைக்கு வேதனை இல்லைன்னா அதுதான் சரியான பிடி. என்ட அம்மச்சியும் இப்படித்தான் பிடிக்கும்" என்றார். அம்மாவிடம், "சேச்சி, இது மாதிரி எனக்கும் ஒண்ணு கிட்டுமா?" என்று கேட்டார். மாமாவிடம் வேறு திருப்புளி இல்லை.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில் நான் பென்சிலைக் கத்தி போல் பிடித்து எழுதிப் பார்த்தேன். எழுத்தெல்லாம் கோட்டை விட்டுக் கிளம்பிப் போனது. அதோடு அந்த ஆராய்ச்சியை நிறுத்திவிட்டேன்.

போர்வை முடிந்தது. சிவப்பு, பச்சை, மஞ்சள், நடுவில் கடையில் நிறம் தீர்ந்துபோனதால் வந்த ஒரு வெளிர்நீலம். மடித்தால் எங்கள் தலையணை இரண்டை அடுக்கியதுபோல் இருந்தது. கல்யாணத்தன்று நல்லேப்பிள்ளியில் சீர்சாமான்களைப் பரப்பியபோது எல்லாரும் அதைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். தையிலேயே அங்கே நண்பகலில் வேர்த்தது. சித்தியின் மாமியார், "ஏனுங்க, எம்புட்டு அழகாப் பின்னியிருக்கீங்க! ஆனா எங்க ஊட்டுல மார்கழியிலயே ஃபேன் ஓடுமுங்க" என்று சிரித்தார். கேலியாக இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். அம்மாவும் கூடச் சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

முழுப்பரீட்சை லீவில் அம்மாவும் நானும் சித்தியைப் பார்க்கப் போனோம். வெயில் வயல்களில் வெள்ளையாக நின்றது. வீடு நிறைய மனிதர்கள். எங்களைக் கண்டதும் இளநீர் வெட்டினார்கள், கோழி அடித்தார்கள். நல்ல மனிதர்கள், இன்றுவரை நல்ல மனிதர்கள்தான். சாப்பிடும்போது பார்த்தேன்: நாங்கள் கொடுத்தனுப்பிய பாத்திரங்கள் எல்லாம் பெரிய சமையலறையில் மற்றப் பாத்திரங்களோடு கலந்து கிடந்தன. அம்மா எடுத்துக்கொடுத்த ரோஸ் நிறச் சேலையைச் சித்தியின் ஓரகத்தி கட்டியிருந்தார். நாங்கள் கொடுத்த மெத்தையில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். அம்மா சேலையைப் பார்ப்பதைக் கவனித்த மாமியார், "நம்மூட்டுல எல்லாம் பொதுங்க. ஆரு சீலைய ஆரு கட்டுனா என்னங்க?" என்றார். "ஆமாங்க, அதுக்கென்ன" என்றாள் அம்மா.

நான் கட்டில் கட்டிலாகப் போர்வையைத் தேடினேன். எங்கேயும் இல்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் மாமியாரிடமே கேட்டுவிட்டேன்.

"அந்தக் கம்பளியா கண்ணு?" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "இந்த வெயில்ல அதை ஆரு தொடுவாங்க? உங்க சித்தி பொட்டியிலதான் கெடக்குது. ஒருத்தரும் அதைக் கேக்க மாட்டாங்க."

சித்தி என் கையைப் பிடித்துத் தன் அறைக்குக் கூட்டிப்போனாள். கட்டிலடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்தாள். இடுப்பிலிருந்த சாவியால் திறந்தாள். பாச்சை உருண்டை வாசனை வந்தது. உள்ளே போர்வை மட்டும்தான் இருந்தது, நாங்கள் கொடுத்த அதே மடிப்பில். அவள் அதன்மேல் கையை வைத்து ஒரு தடவை அழுத்தினாள். பிறகு பூட்டிவிட்டாள். "அம்மாகிட்ட சொல்லு, அப்படியே இருக்குன்னு" என்றாள்.

திரும்பும் வழியில் சொல்லலாமா வேண்டாமா என்று தேனி வரைக்கும் யோசித்தேன். அம்மாவுக்கு மனசு கஷ்டப்படும். ஆனால் படித்தவன் உண்மையைத்தானே சொல்லவேண்டும்? கம்பத்தில் பஸ் மாறி, மலையேறத் தொடங்கி, ஜன்னலில் முதல் குளிர்காற்று வந்தபோது சொல்லிவிட்டேன்.

"எம்மா, அவுக யாரும் அந்தப் போர்வையப் போர்த்தவேயில்ல. பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டிட்டாக."

"பூட்டியா வச்சிருக்கா?"

"ஆமா. சாவி சித்திகிட்டதேன் இருக்கு."

"வேற ஆரும் எடுக்கலல்ல?"

"ஆருமே தொடல. ஆருக்கும் வேணாமாம்."

அம்மா அழுவாள் என்று எதிர்பார்த்து, என் சட்டை நுனியைத் தயாராகப் பிடித்திருந்தேன். அவளோ நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, காலைக்கூட நீட்டிக்கொண்டாள். அவளுடைய முகம் மலர்ந்து போயிருந்தது. என்னிடம் மறைப்பதற்காகத்தான் சிரிக்கிறாள் என்று நினைத்து, அவள் தூங்கிப்போனபிறகும் அவளுக்கு ஆறுதலாக அவள் கையைப் பிடித்துக்கொண்டே குமுளி வரைக்கும் வந்தேன்.